நாற்பத்தொன்றாம் எண்ணின் குளிகை

குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால்தான் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், பிணம் எடுக்க மாட்டார்கள். எனக்குப் பஞ்சாங்கத்தில் துளிகூட நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குளிகை குறித்துக் கொடுப்பதற்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

என் பெயர் சௌந்தர். திருச்சி தில்லைநகரில் 'வேளை' என்கிற கம்பெனியில் வேளைக் கணிப்பாளர். விசிட்டிங் கார்டில்தான் அப்படி. ஆபீஸில் எல்லோருக்கும் நான் ஜோசியர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜோதிராமன் என்பவர் வந்தார். ஆஸ்பத்திரி, மில், பள்ளிக்கூடம் என்று பல இடங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர். அவருடைய ஆட்களில் அறுபத்தெட்டுப் பேருக்கு வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

"மத்த ஏஜென்சிக்காரங்க எங்க ஆளுங்களை இழுக்கப் பாக்குறாங்க சார். நாங்க சம்பளம் கூட்டுற நிலைமையில இல்ல. எல்லாரும் ஒரு கேள்வியும் கேக்காம கையெழுத்துப் போடணும். நீங்க ஏதோ நேரம் பாத்துக் குடுப்பீங்களாமே?"

"கையெழுத்தே வேண்டாம் சார்," என்றேன். "காதுல என்ன போட்டிருக்கீங்க?"

தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கடுக்கன். எல்லாரும் போட்டிருக்கறதுதானே? எங்க வீட்டம்மா தோடு போட்டிருக்காங்க."

"அது போன் பேசுது, பால் வாங்குது, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்குது. கூடவே இன்னொரு வேலையும் பாக்குது. உங்க மனசு எதுல இருக்குன்னு அதுக்குத் தெரியாது. கவனம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியும். காலையில தூங்கி எழுந்தா எல்லாருக்கும் நூறு பொட்டு. கலெக்டருக்கும் நூறுதான், கறிகாய்க்காரருக்கும் நூறுதான். வண்டி ஓட்டுனா, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா, மாமியார் பேசறதுக்கு உம் கொட்டுனா கரைஞ்சுக்கிட்டே வரும். அஞ்சு பொட்டுக்குக் கீழ போயிட்டா மனுஷன் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் இருப்பான். உள்ள ஆள் இருக்காது."

"அந்த நேரத்துல ஒரு அறிவிப்பு போனா?"

"படிக்க மாட்டான். சட்டப்படி பத்து நிமிஷம் அவகாசம் குடுக்கணும், தாராளமா குடுப்போம். பதில் வரலைன்னா வழக்கம்போல. போன தடவை சரின்னா இப்பவும் சரின்னு எடுத்துக்கிட்டுப் புதுப்பிச்சுக்கும். பால் பாக்கெட்டுல இருந்து இன்சூரன்ஸ் வரைக்கும் ஊர்ல பாதி வியாபாரம் இப்படித்தான் சார் ஓடுது. அந்த நேரத்துக்கு நாங்க வச்சிருக்கிற பேரு குளிகை."

ஜோதிராமன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிரித்தார். பாட்டுக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்போல இருந்தது அவர் முகம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்கு யாராவது இப்படி முகம் காட்டிவிட்டால் போதும், வாய் நிற்காது.

அறுபத்தெட்டுப் பேரின் வரைபடங்களையும் திரையில் விரித்தேன். எங்களிடம் பெயர் வராது, எண்தான் வரும். எந்த எண் எந்த ஆள் என்பது ஏஜென்சிக்கு மட்டும் தெரியும். வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்து நாற்பத்தொன்றாம் எண்ணில் நின்றேன்.

"இந்தம்மாவைப் பாருங்க சார். ஸ்கேன் எடுத்துப் பாக்கிற வேலை. காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஒரு பொட்டு சிந்தாம அத்தனையும் வேலையிலயே கொட்டுறாங்க. ஒரு முதுகெலும்புப் படத்துக்கே ஒன்பது பொட்டு. வேலையில எவ்வளவுக்கு உண்மையா இருக்காங்களோ அவ்வளவுக்கு நமக்கு லேசு. ஓபி அடிக்கிறவனைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். அவன்கிட்ட எப்பவும் ஐம்பது மிச்சம் இருக்கும்."

"வீட்டுக்குப் போனா கொஞ்சம் ஏறாதா?"

"ஏறவிட்டாத்தானே? இதப் பாருங்க," என்று குறுக்கீட்டுப் பட்டியலைத் திறந்தேன். யார் எப்போது குறுக்கே பேசினார்கள் என்பதைத் தோடு குறித்துவைத்திருக்கும். "காலையில ஏழு பத்து: 'துண்டு எங்க?' எட்டு அஞ்சு: 'சாவி எங்க?' எட்டு ஏழு: 'இன்னைக்கு என்ன கிழமை?' எட்டு ஒன்பது: 'என் கண்ணாடி எங்க?' பதில்: 'தலையில.' ஒரு நாளைக்குப் பத்தொன்பது தடவை சார்."

"புருஷனா?"

"புருஷனேதான். இப்படி ஒரு எருமையைக் கட்டிக்கிட்டு அந்தம்மா என்ன பாடு படுதோ."

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு வேளையைக் குறித்தேன். வரும் வியாழக்கிழமை மாலை ஆறு ஐம்பத்திரண்டு. அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு அடுப்பில் தோசை இருக்கும், மகள் வீட்டுப்பாடத்தோடு நிற்பாள், புருஷன் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பான். மிச்சம் இரண்டு பொட்டு. ஜோதிராமன் பட்டியலில் பெருவிரலை வைத்து முத்திரை போட்டார். முத்திரை விழுந்த வேளையை எங்கள் முதலாளியே வந்தாலும் மாற்ற முடியாது.

அவர் போனபின் ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் நாற்பத்தொன்று அப்படியே திறந்திருந்தது. முந்தின நாளின் கடைசிக் குறுக்கீட்டைப் பார்த்தேன். ஆறு ஐம்பத்தொன்று: 'நார்த்தங்காய் ஊறுகாய் தீந்துருச்சா?'

எங்கள் வீட்டில் நேற்று நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்திருந்தது. கேட்டது நான்.

மேலே தள்ளிப் பார்த்தேன். துண்டு, சாவி, கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'கிரிக்கெட் எந்த சானல்ல போடுறான்?' எருமையின் குரல் ஒவ்வொரு வரியிலும் என் காதில் கேட்டது. என் மனைவி மங்கையர்க்கரசி ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குச் சம்பளம் போடுவது எந்த ஏஜென்சி என்று தெரியாது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம்.

பயந்துகொண்டே பழைய கோப்பைத் திறந்தேன். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு இதற்கு முன் மூன்று வருஷம் மூன்று தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருந்தது, மூன்றும் இதே மாதிரி மாலை வேளையில். வேளை குறித்தவர் என்ற இடத்தில் மூன்று முறையும் என் பெயர்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் மங்கையைப் பார்த்தேன். உறையூரில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அவள் ஒரு கையால் மாவு ஊற்றிக்கொண்டு, எங்கள் மகள் இதழி நீட்டிய நோட்டைப் பார்த்து "ம், சரிடா" என்றாள். நோட்டு தலைகீழாக இருந்தது. இதழிக்கு ஒன்பது வயது. அம்மாவைச் சோதிக்க வேண்டுமென்றே அப்படிப் பிடித்திருக்கிறாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "நீ ஒரு மாட்டாஸ்பத்திரி வேலை சொல்லுவியே, அது என்னாச்சு?"

மங்கை என்னைப் பார்த்தாள். "அது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கே, கால்நடை ஆஸ்பத்திரி. வருஷா வருஷம் ஜூன்ல ஸ்கேனுக்கு ஆள் எடுக்கிறாங்க. வருஷா வருஷம் போடணும் போடணும்னு நினைக்கிறேன். பாத்தா அதுக்குள்ள இங்க புதுப்பிச்சிருக்கும். எப்ப ஒத்துக்கிட்டேன்னே ஞாபகம் இருக்காதுங்க. 'புதுப்பிக்கப்பட்டது, நன்றி'ன்னு ஒரு மெசேஜ் மட்டும் கெடக்கும்."

"மாட்டுக்கு ஸ்கேன் எடுக்க அவ்வளவு ஆசையா?"

"மாடு 'ஏதாச்சும் இருக்குமா மேடம், சொல்லுங்க மேடம்'னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழாதுல்ல. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம். இவகூட உக்காந்து பேசலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்பல்லாம் இவ பேசறது எனக்குக் காதுல விழுது. உள்ள போக மாட்டேங்குதுங்க. பயமா இருக்கு."

ஜோதிராமன் கொண்டுவந்த ஒப்பந்தம் இந்தத் தடவை ஒரு வருஷம் இல்லை, மூன்று வருஷம். நடுவில் விட்டுப் போனால் ஆறு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குள் இதழிக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். குறித்த வேளையை வெளியே சொன்னால் எங்கள் கம்பெனியில் வேலை போகும், கடுக்கனையும் பிடுங்கிக்கொள்வார்கள். கடுக்கன் இல்லாதவனுக்கு இந்த ஊரில் ஒரு டீ கிடைக்காது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. 'குறிச்சவன் நான்தான்' என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். ஜோசியன் மூளையாயிற்றே. ஒரு ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படிக்க முப்பது பொட்டு கையிருப்பு வேண்டும், செலவாவது கொஞ்சம்தான். வியாழக்கிழமை ஆறு ஐம்பத்திரண்டுக்கு மங்கையிடம் முப்பது பொட்டு மிச்சம் இருந்தால் அவளே படித்துக்கொள்வாள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். அதற்கு வீட்டு வேலையை நான் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

சனிக்கிழமை காலையில் மார்பைத் தட்டிக்கொண்டு அறிவித்தேன். "இனிமே வீட்டை நான் பாத்துக்கிறேன். நீ நிம்மதியா உக்காரு."

உட்கார்ந்தாள். நான் சமையலறைக்குள் நுழைந்தேன். பெரிய கடாய் எங்கே என்று கேட்டேன். கடலைப்பருப்பு எது, துவரம்பருப்பு எது என்று கேட்டேன். குக்கர் எத்தனை விசில் என்று கேட்டேன். ஐந்தாவது விசிலில், இது நான்காவதா ஐந்தாவதா என்று கேட்டேன். இதழியின் சீருடையைத் துவைக்கப் போட்டுவிட்டு, நீலமும் வெள்ளையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். போட்டபிறகுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் போய் வரைபடத்தைப் பார்த்தேன். குறுக்கீடு பத்தொன்பதிலிருந்து முப்பத்துநான்காக ஏறியிருந்தது. ஆறு மணி இருபதுக்கே பொட்டு பூஜ்யம். நான் உதவி செய்ய ஆரம்பித்ததில் மங்கைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே ஆள் இல்லாமல் போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடாயைத் தூக்குவது வேலையே இல்லை. கடாய் எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அதை அவளிடமே விட்டுவிட்டு நான் கரண்டியை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அலமாரி அலமாரியாகத் திறந்தேன். ஒரு பழைய டைரியில் எல்லாவற்றையும் எழுதினேன். எது எங்கே, எது எப்போது தீரும், எது யாருக்கு ஆகாது. இதழிக்குப் புதன்கிழமை விளையாட்டுச் சட்டை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிவிட்டு வந்த இதழியைக் கேட்டதில் மங்கைக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்றும் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கும் என்பதால் பதினொரு வருஷமாக வாரம் இரண்டு தடவை சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டி இருந்தது. இழுத்துப் பிரித்தால் மீன் தீனி. எங்கள் வீட்டு மீன் செத்து நான்கு வருஷமாகிறது. மாதா மாதம் வழக்கம்போல தீனி வந்துகொண்டிருந்திருக்கிறது. கைக்குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்துணி இன்னொரு அலமாரி நிறைய. இதழிக்கு ஒன்பது வயது என்று ஏற்கெனவே சொன்னேன். இதையெல்லாம் விற்ற கம்பெனிகளுக்கு வேளை குறித்துக் கொடுத்தவர்கள் யாராக இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, யோசிக்கப் பயமாக இருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஒரு மீன் தீனியை நிறுத்துவதற்கு ஏழு கேள்வி கேட்டார்கள். ஆறாவது கேள்வி, மீனுக்குத் தங்கள் கம்பெனி மீது ஏதாவது மனக்குறையா என்பது.

புதன்கிழமை ஆபீஸில் பக்கத்து மேஜை ஜெசிந்தா என்னைக் கூப்பிட்டாள். அவளும் கணிப்பாளர்தான், எனக்கு இரண்டு வருஷம் இளையவள், என்னைவிடக் கெட்டிக்காரி.

"ஜோசியரே, இந்த ஆட்டோக்காரருக்கு மத்தியானம் மூணரைன்னு குறிச்சிருக்கீங்க. அது பள்ளிக்கூடம் விடுற நேரம். அந்தாளு அப்பத்தான் நல்ல முழிப்பா இருப்பாரு. உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தயிருக்கு உறை ஊத்த மறந்துட்டேன்," என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆட்டோக்காரரைத் தானே திருத்திக்கொண்டாள்.

அன்று மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு மங்கையின் மிச்சம் இருபத்திரண்டு பொட்டு. கழிவறைக்குள் போய் ஆபீஸ் டேப்லெட்டில் பார்த்தேன். இன்னும் எட்டு வேண்டும்.

வியாழக்கிழமை வந்தது. இதழியைக் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட அனுப்பினேன். மங்கை வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே காபியை நீட்டினேன். பால்கனி நாற்காலியில் உட்காரவைத்தேன். துண்டு எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. சாவி ஆணியில் இருந்தது. கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. புது நார்த்தங்காய் ஊறுகாய் நானே வாங்கி வந்து நானே மூடியைத் திறந்திருந்தேன். அடுப்பில் தோசை, பக்கத்து அடுப்பில் சட்னிக்குத் தாளிப்பு, மறுநாள் டிபனுக்கு ஊறப்போட்ட கொண்டைக்கடலை, இதழியை ஏழரைக்கு அழைத்துவர வேண்டும் என்கிற நினைப்பு, எல்லாம் என் தலைக்குள் முட்டிமோதிக்கொண்டிருந்தன. ஆறு நாற்பத்தெட்டுக்குக் கடைசியாக டேப்லெட்டை எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு முப்பத்தொன்பது பொட்டு.

சமையலறை வாசலில் நின்றால் பால்கனி தெரியும். ஆறு ஐம்பத்திரண்டுக்கு அவள் தோடு மெல்ல மணியடித்தது. பழக்கத்தில் அவள் விரல் அதைத் தட்டி ஒதுக்கப் போனது. விரல் பாதியில் நின்றது. மங்கை போனை எடுத்தாள்.

படித்தாள். நிதானமாக, ஒரு முதுகெலும்பைப் பார்ப்பதுபோலப் படித்தாள்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "மூணு வருஷமாம். நடுவுல விட்டா ஆறு மாசச் சம்பளம் நான் குடுக்கணுமாம். ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டா வரணுமாம். இதுக்கா நான் வருஷா வருஷம் சரின்னுட்டு இருந்தேன்?"

"படி, படி. முழுசா படி."

படித்து முடித்தாள். விரலால் ஒரு தட்டு தட்டினாள். "வேண்டாம்னு போட்டுட்டேன். ஜூன்ல அந்த மாட்டாஸ்பத்திரிக்குப் போடுறேன்."

எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது. தோசையைத் திருப்பினேன். அது கிழிந்தது, கிழியட்டும் என்று விட்டேன். வெற்றி, அதுவும் ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல்.

"அடியில பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே," என்றாள் மங்கை. எழுந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். "'அனுப்பும் நேரம் கணிப்பு: வேளை.' இது உங்க கம்பெனிதானே?"

முப்பத்தொன்பது பொட்டோடு ஒரு பெண் நம்மைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஆமா."

"ஒரு வாரமா நீங்க ஏன் இப்படி இருந்தீங்கன்னு இப்பத்தான் புரியுது. உங்களுக்கு ஏதோ வியாதின்னு நினைச்சேன். எங்க சென்டர்லயே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன்." அவள் சிரிக்கவில்லை. "இந்த நேரத்தைக் குறிச்சது யாரு?"

என் காதில் கடுக்கன் மணியடித்தது. தட்டி ஒதுக்கினேன்.

"நான்தான்."

"போன வருஷம்?"

"அதுவும் நான்தான். அதுக்கு முந்தியும் நான்தான். மூணு தடவை. மங்கை, எங்களுக்கு எண்ணுதான் வரும், பேர் வராது. நீன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"பேர் வந்திருந்தா பண்ணியிருக்க மாட்டீங்க."

"மாட்டேன்."

"பேர் வராதவங்களுக்கும் ஒரு வீடு இருக்கும்ல?"

கடுக்கன் மறுபடி மணியடித்தது. மறுபடி தட்டினேன். அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் எத்தனை சமையலறைகளில், எத்தனை அடுப்புக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தாளிப்பில் கடுகு கருகி வாடை வந்தது. அதை அணைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழமை உன் பட்டியலைப் பாத்துட்டு, உன் புருஷனை எருமைன்னு சொன்னேன்," என்றேன். "அந்த மேனேஜர்கிட்ட."

மங்கை கருகிய தாளிப்புக் கரண்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அப்புறம் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். "அது ஒண்ணுதான் சரியா கணிச்சிருக்கீங்க," என்றாள். கோபம் போகவில்லை, ஆனால் கொஞ்சம் இடம் விட்டது.

"நான் அந்த வேலையை விட்டுடறேன்," என்றேன். சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உண்மையாகத்தான் சொன்னேன். "நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். இனிமே எவனுக்கும் நேரம் குறிக்க மாட்டேன்."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஒரு இனிய பெண்குரல் ஒலித்தது. "புதுப்பிக்கப்பட்டது. நன்றி."

மங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வேண்டாம்னுதானே போட்டேன்?" என்று போனைப் பார்த்தாள். அவள் போனில் ஒன்றும் இல்லை. மெதுவாக நிமிர்ந்தாள்.

"சத்தம் உங்க காதுல இருந்துங்க."

மேடையில் கிடந்த என் போனை எடுத்தேன். எழுத்துகள் என் கண்ணுக்கு முன்னால் நெளிந்தன. தலைக்குள் ஒரு வரி ஏறவில்லை. அவள் வாங்கிப் படித்தாள். அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

"உங்க கம்பெனியேதான். உங்க வேலை ஒப்பந்தம். அஞ்சு வருஷம். வேளைக் கணிப்பு மட்டும், வேற பிரிவுக்கு மாத்தித் தர மாட்டாங்களாம். நடுவுல விட்டா ஒரு வருஷச் சம்பளம் கட்டணும். ஆறு ஐம்பத்தாறுக்கு வந்திருக்கு. ஏழு ஆறோட பத்து நிமிஷம் முடிஞ்சுது." கீழே தள்ளினாள். "கம்பெனிக்குள்ளேங்கிறதால பேரே போட்டிருக்கு. குறிச்சவங்க, ஜெசிந்தா."

"அவளா? நேத்துக்கூட எங்கிட்ட நல்லாத்தானே பேசினா."

"அவங்களுக்கும் எண்ணுதானே வந்திருக்கும்?"

உண்மைதான். எவனோ ஒருவன், ஆறு நாளாக வீட்டு வேலை கற்றுக்கொண்டிருக்கிறான், சாயங்காலமானால் அவன் தலைக்குள் கொண்டைக்கடலையைத் தவிர ஒன்றும் இல்லை என்று அவளுக்கு வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்திருக்கும். நன்றாகச் சிரித்திருப்பாள். நானாக இருந்தாலும் அந்த நேரத்தைத்தான் குறித்திருப்பேன்.

"எனக்கு இன்னைக்கு இவ்வளவு மிச்சம் எங்க இருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?" என்றாள் மங்கை. "ஆகாசத்துல இருந்தா? உங்ககிட்ட இருந்துதான். வீட்டுல யாராவது ஒருத்தர் காலியானாத்தான் இன்னொருத்தர் உக்காந்து படிக்க முடியும் போல."

அஞ்சு வருஷம். எனக்கு அழுகை வந்துவிட்டது. விட்டுவிடுகிறேன் என்று வாயால் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. மங்கை என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையில் மன்னிப்பு எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று எனக்குக் கணிக்கத் தெரியவில்லை.

"அஞ்சு வருஷம் கழிச்சு இதே மாதிரி ஒரு நாள் வரும்ல," என்றாள். "அன்னைக்கு அடுப்பை நான் பாத்துக்கிறேன். நீங்க பால்கனியில உக்காந்து முழுசா படிச்சு, வேண்டாம்னு போடுங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன, இப்பத்தான் எது எங்க இருக்குன்னு உங்களுக்கே எல்லாம் தெரியுமே," என்று சொல்லி, தோசைக் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு இதழியைக் கூப்பிடக் கீழே போனாள்.